பாலிமர் கிளேக்கு மியூசியத்தில் இடம் உண்டா?

உண்டு. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கோத்தகிரியில் என் பாலிமர் கிளே வகுப்புக்கு வருகிற பிள்ளைகளின் அம்மாக்கள், சீசன் சமயத்தில் ஊட்டியில் கடை போட்டால் நின்று பார்க்கிறவர்கள், என் சொந்தக்காரர்கள் என்று எல்லோரும் சுற்றி வளைத்துக் கேட்பது இதைத்தான். "ஏம்மா, இது பிளாஸ்டிக்தானே, இதுக்கா இவ்வளவு விலை?" என்று ஒரு பெரியவர் கேட்டார். பிளாஸ்டிக்தான் ஐயா என்று சொன்னேன். அதை மறைக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை. ஆனால் பிளாஸ்டிக் என்று சொன்னவுடன் பேச்சு முடிந்துபோகிறதே, அது எனக்குச் சரியாகப் படவில்லை. அவருக்கு அன்றைக்குச் சொல்ல நேரமில்லாமல் போனதையெல்லாம் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மிச்சிகன் ஏரிக்கரையில் ரசீன் என்று ஒரு ஊர் இருக்கிறது. அங்கே உள்ள ரசீன் ஆர்ட் மியூசியம் கைவினைக் கலைக்கென்றே பேர்போனது. பீங்கான், கண்ணாடி, நூல், உலோகம், மரம் எல்லாவற்றிலும் நல்ல சேகரிப்பு வைத்திருக்கிறார்கள். அந்த வரிசையில் பாலிமர் கிளேக்கும் இடம் கொடுத்து, முதல் தலைமுறைக் கலைஞர்களின் வேலைகளைத் தேடிச் சேர்த்து, 2011இல் 'டெரா நோவா' என்ற பெயரில் ஒரு பெரிய கண்காட்சியே நடத்தினார்கள். ஒரு பொருள் சந்தைக்கு வந்து ஏறக்குறைய ஐம்பது வருஷத்தில் மியூசியத்தில் தனிக் கண்காட்சி என்பது சின்ன விஷயமில்லை. இது எப்படி நடந்தது என்பதுதான் என்னை ரொம்ப நாளாகப் பிடித்து வைத்திருக்கிறது, அதில் மலையில் உட்கார்ந்து வேலை செய்கிற நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன்.

தெரியாதவர்களுக்காகப் பொருளைப் பற்றிக் கொஞ்சம். பெயரில்தான் கிளே, மண் கிடையாது. தண்ணீர்க் குழாய் செய்கிற அதே பிவிசி, மிக நுண்ணிய தூளாக, அதை மிருதுவாக வைத்திருக்க பிளாஸ்டிசைசர் என்கிற எண்ணெய்ப் பசையுள்ள திரவம், நிறத்துக்கு நிறமி. வீட்டு ஓவனில் சுட்டால் போதும். ஃபீமோவுக்கு 110 டிகிரி, பிரீமோவுக்கு 130 டிகிரி செல்சியஸ், இப்படிக் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அந்தச் சூட்டில் பிவிசித் துகள்கள் திரவத்தைக் குடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. இதில் காய்வது என்ற பேச்சே இல்லை. நீர் வெளியேறுவதில்லை, அதனால் உருவம் சுருங்குவதும் இல்லை என்றே சொல்லலாம்.

இந்த ஒரு குணம்தான் என்னை இதன் பக்கம் இழுத்தது. நீலகிரியில் மழைக்காலத்தில் ஒரு துணி காய எத்தனை நாள் ஆகும் என்று இங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுடுமண் நகை செய்ய ஆசைப்பட்டவர்கள் மூடுபனி வாரங்களில் பட்ட பாட்டைப் பார்த்திருக்கிறேன். வெளியே வைத்தால் ஈரம், உள்ளே வைத்தால் பூஞ்சை, அவசரப்பட்டுச் சூளையில் வைத்தால் வெடிப்பு. காற்றில் காய்கிற கிளே இன்னும் மோசம். பாலிமர் கிளேக்கு ஈரம் ஒரு பொருட்டே இல்லை. குளிர்தான் அதற்கு எதிரி. மார்கழியில் காலையில் பாக்கெட்டைப் பிரித்தால் கல்லாக இருக்கும், அழுத்தினால் பொடிப்பொடியாக உதிரும். ஸ்வெட்டர் பைக்குள் போட்டுக்கொண்டு சமையலை முடித்துவிட்டு வந்து பிசைந்தால்தான் வழிக்கு வரும். அப்புறம் மாவைத் தகடாக்கும் பாஸ்தா மெஷினில் விட்டு விட்டு எடுக்க வேண்டும், ஓரம் கிழியாமல் வழவழவென்று வரும்வரை.

இது ஆரம்பித்த இடம் பொம்மைக் கடை. ஜெர்மனியில் கேத்தே க்ரூஸ என்று புகழ்பெற்ற பொம்மைக்காரர் இருந்தார். அவருடைய மகள் சோஃபி, வீட்டில் ஃபிஃபி என்று கூப்பிடுவார்கள், பொம்மைத் தலை செய்வதற்கென்று பார்த்த ஒரு பிளாஸ்டிக் பசையைத் தானே வைத்துப் பக்குவப்படுத்தி விற்க ஆரம்பித்தார். 1964இல் அதை எபர்ஹார்ட் ஃபாபர் கம்பெனி வாங்கியது, அதுதான் இன்றைய ஃபீமோ. அமெரிக்காவில் ஸ்கல்பி என்ற கிளே வந்த வழி வேறு. மின் டிரான்ஸ்ஃபார்மருக்குள் இருக்கும் சூட்டைக் கடத்தி வெளியேற்றத்தான் 1960களில் அதைத் தயாரித்தார்கள். அந்த வேலைக்கு அது ஒத்துவரவில்லை, உருவம் பிடிக்க நன்றாக இருந்தது. இரண்டுமே கலைஞர்களுக்காகப் பிறந்தவை அல்ல. ரொம்ப காலம் குழந்தைகள் விளையாட, பொம்மை வீட்டுக்குச் சின்னச் சின்ன ரொட்டியும் பழமும் செய்ய, அனிமேஷன்காரர்கள் தங்கள் மாதிரி உருவங்களைப் பிடித்துப் பார்க்க என்றுதான் பயன்பட்டது. மாதிரி உருவத்தை வைத்து வேறு எதையாவது வார்த்து எடுப்பார்கள், வார்த்தது நிற்கும், மாதிரி குப்பைக்குப் போகும்.

இன்னொரு பக்கம் போலிசெய்யும் வேலை. இதை நான் கேவலமாகச் சொல்லவில்லை. டோரி ஹியூஸ் என்கிற கலைஞர் பாலிமர் கிளேயில் பச்சைக்கல், தந்தம், நீலப் பேரோசனை என்கிற டர்க்காய்ஸ் கல் எல்லாம் செய்து காட்டிய விதம் அசாத்தியமானது. தந்தத்துக்கு எப்படிச் செய்வார்கள் தெரியுமா? ஒளி ஊடுருவும் கிளேயையும் வெள்ளையையும் மெல்லிய தகடாக மாற்றி மாற்றி அடுக்கி, அழுத்தி நீட்டி, மறுபடியும் அடுக்கிக்கொண்டே போனால் கடைசியில் யானைத் தந்தத்தில் இருக்கிற அந்த மயிரிழை ரேகை அப்படியே வந்துவிடும். யானையைக் கொல்லாமல் தந்தத்தின் அழகு கிடைக்கிறது என்றால், யானைத்தடம் உள்ள மலையில் வாழும் எனக்கு அதில் மரியாதைதான் உண்டு. ஆனாலும் ஒரு மியூசியம் இதை எதற்காக வைத்துக்கொள்ள வேண்டும்? தந்தமே அவர்களிடம் இருக்கிறது. இன்னொன்றைப் போல இருக்கிறது என்பதே பெருமையாக இருந்தவரை இந்தப் பொருளுக்குச் சொந்தமாகச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

சொந்தமாகச் சொல்ல என்ன இருக்கிறது என்று கேட்டால், நான் சொல்வேன், நிறம். மண்பாண்டத்தில் நிறம் மேலே பூசுகிற மெருகில் இருக்கிறது, மரப்பொம்மையில் வர்ணத்தில் இருக்கிறது, ஓவியத்தில் துணிமேல் இருக்கிறது. பாலிமர் கிளேயில் நிறம் உடம்பு முழுக்க இருக்கிறது. நீலத்தை வெட்டினால் உள்ளேயும் நீலம். இரண்டு நிறத்தைச் சேர்த்துப் பிசைந்தால் மூன்றாவது நிறம், பாதியில் நிறுத்தினால் பளிங்கு ஓட்டம். நிறத்தைக் கையால் எடுத்து, மடித்து, கிள்ளி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, உருவமும் நிறமும் ஒரே நேரத்தில் ஒரே செயலாகச் செய்ய முடிகிற பொருள் வேறு எது இருக்கிறது? கண்ணாடியில் முடியும், ஆனால் அதற்கு உலையும் ஆளும் வேண்டும். இதற்கு ஒரு மேஜை போதும்.

கண்ணாடி என்று சொன்னதும் கேன் பற்றிச் சொல்ல வேண்டும், தண்ணீர் கேன் இல்லை, உருளை. பல நிற இழைகளை நீளவாக்கில் வைத்துக் கட்டி, குறுக்கே வெட்டினால் பூவோ நட்சத்திரமோ தெரியும்படி ஒரு தடித்த உருளை செய்வது. வெண்டைக்காயை எங்கே நறுக்கினாலும் அதே நட்சத்திரம் வருமே, அதே கணக்கு. பிறகு அந்த உருளையை எல்லாப் பக்கமும் ஒரே சீராக அழுத்தி இழுத்துக்கொண்டே போனால் படம் சிதையாமல் சிறுத்துக்கொண்டே போகும், கைப்பிடி அளவு பூ மிளகளவு ஆகும், இதழ் நரம்பு எல்லாம் அப்படியே இருக்கும். வெனிஸ் பக்கம் முரானோ தீவில் கண்ணாடியில் நூற்றாண்டுகளாகச் செய்துவரும் வேலை இது. நமக்கும் தூரமான சமாச்சாரம் இல்லை. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில், 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த அதே இடத்தில், சூடான கண்ணாடியை நீளமான குழலாக இழுத்து மணிமணியாக நறுக்கியிருக்கிறார்கள். அந்த மணிகள் கடல் தாண்டித் தென்கிழக்கு ஆசியா வரை போயிருக்கின்றன. அரிக்கமேட்டில் ஒற்றை நிறம், முரானோவில் பல நிறப் படம், எங்கள் மேஜையில் உலையே இல்லாமல் அதே இழுப்பும் நறுக்கும். என் வகுப்பில் முதல் நாள் நான் காட்டுவது அரிக்கமேட்டு மணிகளின் படங்களைத்தான். நாம் புதிதாக எதையோ அமெரிக்காக்காரனிடம் கற்றுக்கொள்கிறோம் என்ற கூச்சத்தோடு ஒரு பிள்ளையும் உட்கார வேண்டாம்.

ஃபிலடெல்ஃபியாவில் ஸ்டீவன் ஃபோர்டும் டேவிட் ஃபோர்லானோவும் 1980களின் கடைசியில் சேர்ந்து வேலை செய்ய ஆரம்பித்தார்கள். இருவரும் ஓவியம் வரைந்தவர்கள். ஓவியன் கையில் கேன் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அவர்கள் வேலையைப் பார்க்க வேண்டும். பூ, நட்சத்திரம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நிறத்துக்கும் கோட்டுக்கும் போனார்கள், பிறகு வெள்ளியோடு சேர்த்தார்கள். ஜூடித் ஸ்கின்னர் கண்டுபிடித்த நிறக்கலவை முறையும் 1990களில் பரவியது: இரண்டு நிறத்தை முக்கோணமாக வெட்டிச் சேர்த்து, ஒரே பக்கமாக மடித்து மடித்து மெஷினில் விட்டால், ஒரு நிறத்திலிருந்து இன்னொன்றுக்குப் படிப்படியாக உருகிப்போகும் ஒரு தகடு கிடைக்கும். தூரிகையால் செய்ய வேண்டிய சாயல் மாற்றம், மடிப்பால் வருகிறது. மடிக்கிற பக்கத்தை மாற்றினால் எல்லாம் ஒன்றாகக் கலந்து ஒரே நிறமாகிவிடும். அதனால் பிள்ளைகளிடம் நான் ஓயாமல் சொல்வது, மடிப்பு எப்போதும் கீழேயிருந்து மேலே, கீழேயிருந்து மேலே.

சியாட்டிலில் இருக்கும் சிந்தியா டூப்ஸ், ஹாங்காங்கில் பிறந்தவர், மொசைக் செய்கிறார். கிளேயை நூலளவுக்கு மெல்லிய இழையாக்கி, முதலில் சுட்டு, அதைத் துணுக்குத் துணுக்காக வெட்டி, சுடாத கிளேமேல் ஒவ்வொன்றாக ஊன்றுகிறார். பிறகு மறுபடி ஓவன். ஆடையில் குத்திக்கொள்ளும் ஒரு ப்ரோச்சின் பரப்பு நம் கட்டைவிரல் அகலம்தான் இருக்கும், அதற்குள் அத்தனை துணுக்குகள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது அவை புள்ளிகளாகத் தெரியவில்லை, ஒவ்வொன்றும் ஓரம் உள்ள ஒரு பொருளாகத் தெரிந்தது. சுட்டதைச் சுடாததில் பதிக்கலாம், மறுபடி சுடலாம், எதுவும் சுருங்காது, விரிசல் விடாது என்பதால்தான் இது முடிகிறது.

மேரிலாண்டில் ஜெஃப்ரி லாயிட் டெவர் அதே குணத்தை வேறு வழியில் பிடித்துக்கொண்டார். கிராஃபிக் டிசைனர். விதை, காய், கொடி, முள் மாதிரியான உருவங்களைக் கம்பிச் சட்டத்தின்மேல் உள்ளே வெற்றிடம் விட்டு, ஒரு பகுதி செய்து சுட்டு, அதன்மேல் அடுத்தது செய்து சுட்டு, இப்படி ஒரே உருவத்தைப் பலமுறை ஓவனில் வைத்து வளர்க்கிறார். ஒரு செடி வளர்வது போலவே அந்த உருவமும் கட்டம் கட்டமாக வளர்கிறது. உள்ளங்கையில் அடங்குகிற ஒரு காய்க்குள் இன்னொரு நிறம் ஒளிந்திருக்கும். கேத்லீன் டஸ்டின் கைப்பைகள் இன்னொரு உலகம். ஒளி ஊடுருவும் கிளேயை அடுக்கடுக்காகப் போட்டு, நடுநடுவே படம் வரைந்து, ஆழம் கொண்டுவருவார்.

பியர் வோல்கஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவருடைய அப்பா பீட்டர் வோல்கஸ், 1950களில் அமெரிக்காவில் மண்பாண்டத்தையே கிழித்து, குத்தி, அடுக்கிச் சிற்பமாக்கியவர். பானை செய்கிறவன் கலைஞனா என்ற கேள்வியோடு மோதியவர். மகள் நியூயார்க்கில் நடனக்காரராக இருந்து பாலிமர் கிளேக்கு வந்து, அதில் முன்னோடி ஆனார். அப்பா தலைமுறையில் மண்ணைக் கேட்ட கேள்வியையே மகள் தலைமுறையில் பிளாஸ்டிக்கைப் பார்த்துக் கேட்டார்கள். மண்ணுக்கும் ஒரு காலத்தில் நுண்கலை அரங்கில் இடம் கிடையாது என்பதை மறந்துவிட்டுத்தான் இன்றைக்கு மட்பாண்டக்காரர்களே சிலர் பாலிமர் கிளேயை மட்டமாகப் பேசுகிறார்கள். அது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

இத்தனை நல்ல வேலை இருந்தும் அது தானாக மியூசியத்துக்குள் போய்விடவில்லை. எலீஸ் விண்டர்ஸ் என்று ஒருவர், தானும் பாலிமர் நகைக் கலைஞர், இந்தப் பொருளின் வரலாற்றைச் சேகரிப்பதையே ஒரு வேலையாக எடுத்துக்கொண்டார். யார் எப்போது என்ன செய்தார்கள், எந்த உத்தி யாரிடமிருந்து வந்தது என்று ஆவணப்படுத்தினார். கலைஞர்களிடம் பேசி, அவர்களுடைய ஆரம்பகால வேலைகளை விற்றுத் தீர்ப்பதற்குள் தேடி எடுத்துச் சேர்த்தார். ரசீன் மியூசியத்தின் அப்போதைய இயக்குநர் புரூஸ் பெபிச்சுக்கு அதில் நம்பிக்கை வந்தது. கண்காட்சி அதற்கெல்லாம் அப்புறம்தான். அருமையான ப்ரோச் ஒன்று யாரோ ஒருவருடைய அலமாரியில் பெயரில்லாமல் கிடந்தால் அது அலமாரியில் கிடக்கிற ஒரு ப்ரோச், அவ்வளவுதான். யார் செய்தது, எந்த வருஷம், எதனால் செய்தது, அதற்கு முன்னால் என்ன செய்தார், அதற்குப் பின்னால் என்ன என்ற தகவல் சேர்ந்தால்தான் ஒரு காப்பாளரால் அதை எடுத்துப் பேச முடியும். மியூசியக் கதவைத் திறந்தது கைத்திறனும் அதற்குச் சமமான எழுத்து வேலையும்தான் என்று நான் நினைக்கிறேன். இந்த இரண்டாவது வேலையை நம் பக்கம் யாரும் செய்வதாகத் தெரியவில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நீலகிரிக்காரர்களுக்கு இது புரிய வேறு உதாரணமே வேண்டாம். ஊட்டியில் பிரீக்ஸ் பள்ளிக்கூடம் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெயருக்குரிய ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ் நீலகிரியின் முதல் கமிஷனர். 1870களின் தொடக்கத்தில் இந்த மலைமேடுகளில் இருக்கிற பழைய கல்வட்டச் சமாதிகளைத் தோண்டி, கிடைத்ததையெல்லாம் பட்டியலிட்டவர். அப்படி நம் மலையில் எடுத்தவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அதில் மண் தாழி மூடிகளைப் பார்க்க வேண்டும். மூடியின் குமிழ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு எருமை நிற்கும், கொம்பு வளைந்து. குதிரைமேல் ஆள் இருப்பான். கண்ணுக்குக் குச்சியால் ஒரு குத்து, உடம்பெல்லாம் கோடும் புள்ளியும். கையால் கிள்ளி ஒட்டிய இடத்தில் மண் பிதுங்கியிருப்பதுகூடத் தெரியும். நான் அந்தக் கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்று பார்த்தது அந்தப் பிதுக்கத்தைத்தான், ஏனென்றால் கொம்பை உடம்போடு ஒட்டும்போது என் விரலும் அதே இடத்தில் அதே மாதிரிதான் அழுத்துகிறது. அதைச் செய்தவர் பெயர் நமக்கு வரவே வராது. தோண்டியவர் பெயர் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது.

சரி, பெயரும் விவரமும் எழுதி வைத்தாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். பொருள் நிலைக்குமா? மியூசியக்காரர்கள் கேட்கிற நியாயமான கேள்வி இது. அந்த எருமை மூடி எத்தனையோ நூற்றாண்டு மண்ணுக்குள் கிடந்தும் அப்படியே இருக்கிறது. பிவிசிக்கு அந்த ஆயுள் கிடையாது. பிளாஸ்டிக் பொருட்களைப் பாதுகாக்கிறவர்கள் நடுக்கத்தோடு சொல்லும் பிளாஸ்டிக் வகைகளில் செல்லுலோஸ் நைட்ரேட், செல்லுலோஸ் அசிடேட், பாலியூரித்தேன் இவற்றோடு மிருதுவாக்கிய பிவிசியும் ஒன்று. உள்ளே இருக்கும் பிளாஸ்டிசைசர் மெல்ல மேலே கசிந்து வரும், தொட்டால் பிசுபிசுக்கும், தூசி ஒட்டும், திரவம் போகப் போகப் பொருள் இறுகி நொறுங்கும். வெளிச்சமும் சூடும் சேர்ந்தால் மஞ்சளிக்கும், ஹைட்ரஜன் குளோரைடு வெளியேறும். டென்மார்க் தேசிய அருங்காட்சியகத்தில் இவோன் ஷாஷுவா மிருதுவாக்கிய பிவிசியை வைத்துச் செய்த ஆராய்ச்சியில் ஒரு நல்ல விஷயம் தெரிந்தது. மூடிய கண்ணாடிக் கலத்துக்குள் வைத்தால் இந்த இழப்பு மெதுவாகிறது. பாலித்தீன் பையில் போட்டால் பாலித்தீனே அந்தத் திரவத்தை உறிஞ்சிக்கொள்கிறது. வேறு சில பழைய பிளாஸ்டிக்குகளுக்குக் காற்றோட்டம் வேண்டும் என்பார்கள், பிவிசிக்கு நேர் எதிர்.

பாலிமர் கிளேயும் அதே குடும்பம் என்பதால் நான் இதை என் பிள்ளைகளுக்கு விதியாகவே சொல்லிவிட்டேன். விற்காமல் வைத்துக்கொள்ளும் நல்ல வேலைகள் மூடி போட்ட கண்ணாடி ஜாடியில், ஜன்னலோரம் இல்லாத அலமாரியில். நம் மலையில் வெயில் சுடுவதில்லை என்பதால் வெயில் மென்மையானது என்று நினைக்கிறோம். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். உயரம் ஏற ஏறப் புற ஊதா கூடும், அந்தப் பளீர் ரோஜா, பளீர் ஆரஞ்சு நிறமிகள்தான் முதலில் போகும். தெர்மோகோல்மேல் சுடாத கிளேயை வைக்கவே கூடாது, அது தெர்மோகோலைத் தின்றுவிடும். நெயில் பாலிஷைப் பளபளப்புக்குப் பூசுகிறார்கள், சில மாதத்தில் ஒட்ட ஆரம்பித்து பிறகு எக்காலத்துக்கும் காயாது. பளபளப்பு வேண்டுமென்றால் தண்ணீர் விட்டு உப்புத்தாளால் தேய்க்க வேண்டும், 400இல் ஆரம்பித்து 2000 வரைக்கும், பிறகு ஜீன்ஸ் துணி. பொறுமை வேண்டும், ஆனால் அந்த மெருகு உள்ளேயிருந்து வருவது, உரிந்து போகாது.

எல்லாவற்றையும்விட முக்கியம் முழுசாகச் சுடுவது. பாதிச் சூட்டில் எடுத்தது பார்க்க நன்றாகத்தான் இருக்கும், துகள்கள் சரியாக ஒட்டாததால் ஒரு வருஷத்தில் ஒடியும். மலையில் வோல்டேஜ் ஏறி இறங்குவது தெரிந்ததே, சின்ன ஓவனின் திருகு காட்டும் எண்ணை நம்பி எதையும் வைக்காதீர்கள். உள்ளே தனியாக ஒரு ஓவன் தெர்மாமீட்டர் வைத்து அதைப் பாருங்கள். அதிகமாகவும் விடக்கூடாது, கருகினால் வருகிற புகை மூக்கையும் கண்ணையும் அரிக்கும். சாப்பாட்டுக்குப் பயன்படுத்தும் ஓவனையே இதற்கும் வைத்துக்கொள்வதை நான் ஒப்புக்கொள்வதில்லை.

நம் ஊரில் இப்போது நடக்கும் வேலை பற்றி ஒரு வார்த்தை. ஃபிரிட்ஜ் காந்தம், குட்டி மோமோ, தேயிலைக் கொழுந்து ஜிமிக்கி எல்லாம் விற்கிறது, விற்கட்டும், அதில் வருகிற காசில்தான் பல பெண்கள் தங்கள் கைச்செலவைப் பார்த்துக்கொள்கிறார்கள். ஆனால் தோடர்களின் புத்துக்குளித் துணியில் இருக்கும் கறுப்பு, சிவப்புக் கோலங்களைக் கேனாகச் செய்து, நறுக்கி, தோடர் நகை என்று அட்டையில் எழுதி விற்பதை நான் ஏற்கமாட்டேன். அந்தத் தையல் தோடர் பெண்களின் கைவேலை, 2013இல் புவிசார் குறியீடு வாங்கியது. அவர்கள் ஒரு போர்வைக்கு நூலை எண்ணி எண்ணிப் போடும் உழைப்பின் பெயரை, நாம் ஒரு உருளையை நறுக்கி எடுத்துக்கொள்ளக் கூடாது. மேலே போலிசெய்வதைப் பற்றிச் சொன்னேனே, தந்தத்தைப் போலச் செய்வதும் இதுவும் ஒன்றல்ல. தந்தத்துக்கு உரிமையாளர் யானை, யானை பிழைக்கிறது. இங்கே உரிமையாளர்கள் பக்கத்து மந்தில், அதாவது தோடர் குடியிருப்பில், இருக்கிறார்கள், அவர்களுக்கு நஷ்டம்.

இந்த மலையைச் செய்ய வேறு எவ்வளவோ இருக்கிறது. பக்கத்து ஹட்டியிலிருந்து, அதாவது படுகர் ஊரிலிருந்து, வகுப்புக்கு வருகிற ஒரு பெண், கல்லூரியில் படிக்கிறாள், சோலைக் காட்டைச் செய்து கொண்டுவந்தாள். மரம், கிளை எதுவும் இல்லை. சோலையை எதிர்மேட்டிலிருந்து பார்த்தால் மரமுடிகள் எல்லாம் உருண்டை உருண்டையாக நெருங்கி நிற்கும், துளிர்க்கும் காலத்தில் சில முடிகள் செம்பு, சில கருஞ்சிவப்பு, சில வெளிர்பச்சை. அதை மட்டும் எடுத்துக்கொண்டாள். செம்பிலிருந்து பச்சைக்குப் போகும் ஒரு ஸ்கின்னர் தகடு, அதைச் சுருட்டி, இழுத்து, மெல்லிய துண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் விரல் நுனியால் சற்றே குழித்து, ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நிற்கும்படி ஒரு வளைந்த தளத்தில் அடுக்கியிருக்கிறாள். ஓரத்தில் ஒரு இடத்தில் மட்டும் துண்டுகளை விட்டுவிட்டு, வெறும் மஞ்சள்பச்சைப் புல்வெளி. சோலை முடிந்து புல் ஆரம்பிக்கும் அந்தக் கோடு இங்கே பிறந்தவள் கண்ணுக்கு மட்டும்தான் அவ்வளவு துல்லியமாகத் தெரியும். சேலையில் குத்திக்கொள்ளும் ப்ரோச் அளவுதான். ரசீனில் இருக்கிற எதன் பக்கத்திலும் இதை வைக்கலாம் என்று சொன்னேன், பிள்ளையை உற்சாகப்படுத்த இல்லை, உண்மையாகவே அப்படி நினைத்துத்தான் சொன்னேன்.

"பேர் எழுதுனியா?" என்று கேட்டேன்.

"இத்துனூண்டுக்கு எதுக்குக்கா பேரு?" என்றாள்.

அதனால் அவளுக்குச் சொன்னதை எல்லோருக்கும் சொல்கிறேன். சுடுவதற்கு முன்பே பின்பக்கத்தில் ஊசியால் உங்கள் பெயரின் முதலெழுத்தும் வருஷமும் கீறுங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். அதில் வேலையின் படம், செய்த ஊர், கிளேயின் கம்பெனி, பாக்கெட்டில் இருக்கும் நிற எண், எந்த நிறத்தோடு எது எத்தனை பங்கு, எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம், எத்தனை முறை ஓவனில் போனது, உள்ளே கம்பி இருந்தால் எந்த உலோகம், பசை போட்டிருந்தால் எந்தப் பசை, மேலே வார்னிஷ் உண்டா. கம்பெனிகள் கலவையை அவ்வப்போது மாற்றுகிறார்கள், சில தாலேட் வகைப் பிளாஸ்டிசைசர்களுக்குக் கட்டுப்பாடு வந்தபோது அப்படித்தான் மாற்றினார்கள், ஆகவே ஒரே பெயர் போட்ட பாக்கெட்டுக்குள்ளும் வருஷத்துக்கு வருஷம் வேறு வேறு பொருள் இருக்கலாம். வருஷம் எழுதாமல் கம்பெனி பெயர் மட்டும் எழுதினால் பாதிதான் எழுதியதாகும். என்ன பார்த்து இதைச் செய்தீர்கள் என்பதையும் இரண்டு வரி, தமிழிலேயே.

கூடவே இன்னொன்று. அதே கிளே மீதியிலிருந்து ஒரு பொத்தான் அளவு வில்லை தட்டி, வேலையோடு சேர்த்து அதே தட்டில் வைத்துச் சுடுங்கள். நோட்டில் அந்த வேலைக்கு என்ன எண் கொடுத்தீர்களோ அதையே வில்லையிலும் கீறி, ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் போட்டு மூடி வையுங்கள். பின்னால் ஒரு காலத்தில் யாராவது இந்தக் கிளேக்குள் என்ன இருக்கிறது, எப்படித் துடைப்பது, எதில் வைப்பது என்று சோதித்துப் பார்க்க வேண்டி வந்தால், அவர்கள் வில்லையை வெட்டிக்கொள்ளட்டும். சோலையில் கத்தி வைக்க வேண்டாம்.